புல்லு மேயுற மாடா, கொட்டகை மாடா, சோயா பாலா: பூமிக்கு எது கம்மி பாரம்?

பால் பத்தி பேச்சு வந்தாலே எல்லார் மனசுலயும் ரெண்டு படம்தான் ஓடுது. ஒன்னு பச்சைப் புல்வெளியில நிம்மதியா மேயுற மாடு, இன்னொன்னு சிமெண்ட் தரையில வரிசையா கட்டிப்போட்ட ஆயிரம் மாடு. முதல் படம் இயற்கை, ரெண்டாவது படம் நாசம்னு அந்த நொடியே முடிவு பண்ணிடறோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன், ஆனா கணக்கை எடுத்து வச்சு பாக்கும்போது கண்ணு சொல்றதும் கணக்கு சொல்றதும் பல இடத்துல ஒத்துப்போகல.

முதல்ல கார்பன் கணக்கு, அதாவது மீத்தேன் மாதிரி பூமியை சூடாக்கற வாயுக்களை எல்லாம் கார்பன் டை ஆக்சைடு அளவா மாத்தி கூட்டற கணக்கு. மாடு தின்ன புல்லு அதோட முதல் வயித்துல நுண்ணுயிர்களால புளிக்கும்போது மீத்தேன் உண்டாகுது, அதுல கிட்டத்தட்ட 95 சதவீதம் ஏப்பமா வாய் வழியாத்தான் வெளிய வருது, நிறைய பேர் நினைக்கிற மாதிரி பின்பக்கமா இல்ல. நார் அதிகமான தீனின்னா மீத்தேனும் கூடுது. இதுக்கு மேல இன்னொரு விஷயம், ஒரு மாடு பாலே கறக்கலைன்னாலும் உயிரோட இருக்க தீனி வேணும், ஏப்பம் விடும், சாணி போடும், அதனால அந்த ஒரே செலவு 5 லிட்டர் மேல ஏறுதா 30 லிட்டர் மேல ஏறுதாங்கறதுதான் பெரிய வித்தியாசம். அமெரிக்காவுல 1944லயும் 2007லயும் ஒரே அளவு பால் கறக்க என்ன தேவைப்பட்டுச்சுன்னு ஒரு ஆய்வு ஒப்பிட்டுச்சு, 2007ல அதே பாலுக்கு 21 சதவீத மாடும் 10 சதவீத நிலமும் போதுமா இருந்துச்சு, கார்பன் பாரம் 37 சதவீதமா இறங்கியிருந்துச்சு. அதனால லிட்டர் கணக்குல நல்லா கறக்கற கொட்டகை மாடு ஜெயிக்குது, பிடிக்கலைன்னாலும் இத ஒத்துக்கத்தான் வேணும்.

ஆனா லிட்டர் கணக்கு ஆத்துக்கு தெரியாது, அதுல வந்து சேர்ற மொத்தக் கழிவுதான் அதுக்கு கணக்கு. புல்வெளியில விழற சாணி காத்து பட்டு காஞ்சு போயிடும், அதுல மீத்தேன் ரொம்ப கம்மி. கொட்டகையில தண்ணி விட்டு கழுவி குளம் மாதிரி தேக்கி வைக்கற சாணிக் கரைசல்ல காத்தே படாது, அதனால அங்க மீத்தேன் தனியா ஊறிட்டே இருக்கும், கூடவே அமோனியா வேற. அப்போ மேய்ச்சல் மாடு ஆத்தைக் காப்பாத்துதான்னு கேட்டா, அதுவும் முழுசா இல்ல. நியூசிலாந்துல மாடுங்க பெரும்பாலும் வெளியில மேயறதுதான், இருந்தும் மாட்டு மூத்திரம் விழற இடத்துல நைட்ரஜன் மண்ணுக்குள்ள இறங்கி நைட்ரேட்டா நிலத்தடி நீருக்கும் ஆத்துக்கும் போகுது, இத எதிர்த்து 2000களோட ஆரம்பத்துலயே அங்க பெரிய பிரச்சாரம் நடந்துச்சு. நெதர்லாந்துல நைட்ரஜன் வெளியேற்றத்துக்கு அனுமதி குடுத்துட்டிருந்த முறை செல்லாதுன்னு 2019ல உச்ச நிர்வாக நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்கு அப்புறம் விவசாயிங்க டிராக்டரோட ரோட்டுக்கே வந்தாங்க, அவங்க கோபத்துலருந்து வளர்ந்த கட்சி 2023 மாகாணத் தேர்தல்ல முதல் இடத்துக்கே வந்துச்சு. என்னைப் பொறுத்தவரை இங்க கேக்க வேண்டிய கேள்வி மாடு எங்க நிக்குதுங்கறது இல்ல, இவ்வளவு நிலத்துல எத்தனை மாடு நிக்குதுங்கறது.

இப்போ செடிப் பாலுக்கு வருவோம். 2018ல சயின்ஸ் இதழ்ல வந்த ஒரு பெரிய உலக ஆய்வுலருந்துதான் எல்லாரும் கணக்கு எடுக்கறாங்க. சராசரியா ஒரு லிட்டர் மாட்டுப் பாலுக்கு 3.2 கிலோ கார்பன், கிட்டத்தட்ட 9 சதுர மீட்டர் நிலம், 628 லிட்டர் தண்ணி. சோயாவுக்கு 1 கிலோ கார்பன், 28 லிட்டர் தண்ணி. ஓட்ஸுக்கு 0.9 கிலோ, 48 லிட்டர். பாதாமுக்கு 0.7 கிலோ, 371 லிட்டர். அரிசிப் பாலுக்கு 1.2 கிலோ, 270 லிட்டர். பாதாம் பால்தான் தண்ணியை காலி பண்ணுதுன்னு சொல்றவங்களுக்கு, சராசரியில அதுவும் மாட்டுப் பாலை விட கம்மிதான். ஆனா உலக பாதாம்ல சுமார் 80 சதவீதம் விளையற கலிபோர்னியா அடிக்கடி வறட்சியில தவிக்கற இடம், அந்தக் கவலை நியாயமானது.

சோயா பால் குடிச்சா அமேசான் காடு அழியும்னு ஒரு பேச்சு இருக்கு, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா உலகத்துல விளையற சோயாவுல முக்கால்வாசி கால்நடை, கோழித் தீவனத்துக்குத்தான் போகுது, பால், டோஃபு மாதிரி மனுஷன் நேரா சாப்பிடறது சுமார் 7 சதவீதம்தான்.

ஆனா செடிப் பால் பக்கம் நிக்கறவங்களும் ஒன்னை விட்டுடறாங்க. ஒரு லிட்டர் மாட்டுப் பால்ல 33 கிராம் புரதம், சோயாவுல ஏறக்குறைய 30, ஓட்ஸ்ல 10 கிட்ட, பாதாம்ல பொதுவா 5 கிட்டதான். கார்பனை புரதத்தால வகுத்துப் பாருங்க, ஓட்ஸும் மாட்டுப் பாலும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல வந்து நிக்குது, பாதாம் அதையும் தாண்டுது, சோயா மட்டும் மூணுல ஒரு பங்குல நிக்குது. நிலத்துல ஓட்ஸ் அப்பவும் நல்லாத்தான் இருக்கு. காபியில கொஞ்சம் ஊத்திக்கறவருக்கு இந்த வகுத்தலே தேவையில்ல, எதை எடுத்தாலும் லாபம். குழந்தைக்கு பாலுக்கு பதிலா குடுக்கணும்னா கண்டிப்பா வகுத்துப் பாத்துட்டு, டாக்டரையும் கேட்டுட்டுதான் மாத்தணும்.

பாக்கெட்டா பாட்டிலாங்கற சண்டை பத்தி ஒரு வரி போதும், பாலோட பாரத்துல பெரும்பங்கு பண்ணைக்குள்ளயே முடிஞ்சிடுது.

மாட்டையும் வச்சுக்கிட்டு மீத்தேனை மட்டும் குறைக்கற வழி ஒன்னு இருக்கு, தீவனத்துல கலக்கற போவேர்ங்கற பொருள். மீத்தேன் உண்டாகற கடைசி கட்டத்துல வேலை செய்யற ஒரு நொதியை அது தடுக்குது, கறவை மாட்டுல சுமார் 30 சதவீதம் குறையுது, ஐரோப்பிய யூனியன் 2022ல அனுமதி குடுத்துச்சு. 2024 கடைசியில பிரிட்டன்ல ஒரு பெரிய பால் கம்பெனி இத சோதனை பண்ணப்போறோம்னு சொன்னதும் ஜனங்க பாலை சிங்க்ல கொட்டி வீடியோ போட்டாங்க, அரசு உணவுப் பாதுகாப்பு அமைப்பு பாதுகாப்பானதுன்னு சொல்லியும் பயம் அடங்கல. அந்த ஜனங்களை நான் திட்ட மாட்டேன், தான் குடிக்கற பால்ல என்ன நடக்குதுன்னு முன்னாடியே பொறுமையா சொல்லியிருக்கணும். இதுல இன்னொரு சிக்கல், தீவனத்தோட தொடர்ந்து உள்ள போனாத்தான் வேலை செய்யும், அதனால கொட்டகை மாட்டுக்கு சுலபம், நாள் முழுக்க வெளியில மேயறதுக்கு கஷ்டம்.

சரி, மாட்டு எண்ணிக்கை கூடாம இருந்தா மீத்தேனால புதுசா சூடு பெருசா ஏறாதுன்னு பண்ணைக்காரங்க சொல்றாங்களே? மீத்தேன் சுமார் 12 வருஷத்துல காத்துலருந்து கரைஞ்சிடுங்கறதால அதுல உண்மை இருக்கு. ஆனா ஐநா உணவு அமைப்போட கணக்குப்படி 2005லருந்து 2015க்குள்ள லிட்டருக்கான அளவு குறைஞ்சும் பால் பண்ணைகளோட மொத்த வெப்ப வாயு 18 சதவீதம் ஏறிடுச்சு, ஏன்னா பால் உற்பத்தி 30 சதவீதம் கூடிடுச்சு. சீக்கிரம் கரையுதுங்கறதுதான் இப்பவே குறைக்கறதுக்கு காரணமும், குறைச்சா பலன் நம்ம காலத்துலயே தெரியும். டென்மார்க் 2030லருந்து கால்நடை வாயுக்கு வரி போட முடிவு பண்ணியிருக்கு, நியூசிலாந்து அதே மாதிரி திட்டத்தை 2024ல கைவிட்டுடுச்சு.

நான் தேர்ந்தெடுக்கறது இதுதான்: கடையில வாங்கற அன்றாடப் பாலுக்கு பதில்னா சோயா. மாட்டுப் பால்தான் வேணும்னா, நிலம் தாங்கற அளவுக்கு மட்டும் மாடு, தேங்கற சாணிக்கு மூடின தொட்டி, தீவனத்துல மீத்தேன் தடுப்பு. உழவே முடியாத மலைச்சரிவுலயும் வறண்ட மேட்டுலயும் நாலு மாடு வச்சு பிழைக்கற குடும்பத்துகிட்ட போய் சோயாவுக்கு மாறுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அங்க விளையறது புல்லு மட்டும்தான், அத பாலா மாத்தித் தர அந்த மாட்டை விட்டா வேற வழி இல்ல.