பெங்களூரில் தங்கிவிட்ட வெள்ளைக்காரச் சிப்பாயின் வம்சத்தைத் தேட: ஃபிபிஸ் தேடுதளம்

பெங்களூரு கண்டோன்மெண்ட், அதாவது பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்புப் பகுதி, 1809-இல் உருவான பிறகு மதராஸ் ராணுவத்தோடு வந்து, பணி முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே குடும்பம் நடத்திய ஐரோப்பியச் சிப்பாய்கள் உண்டு. அப்படி ஒருவரின் வழிவந்த அண்டை வீட்டாருக்காக, ஃபிபிஸ் எனப்படும் ஃபேமிலீஸ் இன் பிரிட்டிஷ் இந்தியா சொசைட்டியின் தேடுதளத்தைப் பயன்படுத்தி வருகிறேன். 1998-இல் தொடங்கப்பட்டு, தன்னார்வலர்களின் உழைப்பில் நடக்கும் அமைப்பு இது. பெயரைத் தேடக் கட்டணம் கிடையாது.

பெங்களூரு அன்று மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததுதானே என்று மைசூரிலேயே தேடிக்கொண்டிருந்தால் பெரிதாக எதுவும் சிக்காது. கண்டோன்மெண்ட் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவு நகல்கள் மதராஸ் வழியாகவே லண்டனுக்குப் போனதால், பிரிட்டிஷ் நூலகத்தில் அவை என்/2 என்னும் மதராஸ் தொகுதியில் அடங்கியுள்ளன. இதுபோன்ற நுணுக்கங்களை ஃபிபிஸ்விக்கி என்ற இலவசப் பகுதி பொறுமையாக விளக்குகிறது. என்னைக் கேட்டால், தேடுதளத்தைவிட இதற்கே மதிப்பெண் அதிகம். கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாயின் சொந்த ஊரையும் அவர் வந்த கப்பலையும் தரக்கூடிய மஸ்டர் ரோல்கள் (படைவீரர் பெயர்ப்பட்டியல்கள்) அதே நூலகத்தின் எல்/மில்/11 தொகுதியில் உள்ளன என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

குறை என்றால், தேடுதளம் பெரும்பாலும் பெயர், ஆண்டு, தொகுதி எண் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. தேவாலயப் பதிவேட்டின் பக்கத்தையே பார்க்க ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் காசு கட்ட வேண்டும். கட்டலாம், வீண்போகாது. நாங்கள் பார்த்த ஒரு திருமணப் பதிவில் மணமகனின் வயது, படைப்பிரிவு, தந்தை பெயர் எல்லாம் தெளிவாக இருக்க, மணமகளுக்கு ‘மேரி’ என்ற ஒற்றைப் பெயர் மட்டுமே இருந்தது. தகப்பன் பெயருக்கான கட்டம் காலி. அவர் உள்ளூர்ப் பெண்ணாக, ஒருவேளை தமிழ்ப்பெண்ணாகவே இருந்திருக்கலாம் என்று ஊகிக்க முடிகிறதே தவிர, அவருடைய பிறந்த வீட்டுக்குப் போக இந்த ஆவணங்களில் வழியில்லை. அதற்காகத் தளத்தைக் குறை சொல்வது நியாயமாகாது. எழுதிய பாதிரியார் எழுதாமல் விட்டதை எந்த அட்டவணையும் தர முடியாது.

மூதாதை அயர்லாந்துக் கத்தோலிக்கர் என்றால் எச்சரிக்கை தேவை. கத்தோலிக்கப் பதிவுகள் அரைகுறையாகவே லண்டனுக்கு அனுப்பப்பட்டன. ஆகவே தளத்தில் பெயர் இல்லை என்று கைவிட்டுவிடாமல், பிரிகேட் ரோடு அருகிலுள்ள செயின்ட் பேட்ரிக்ஸ், சிவாஜி நகர் செயின்ட் மேரீஸ் போன்ற பழைய பங்குத் தேவாலயங்களின் அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, பழைய பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும்.