பெரியப்பாவின் ஆயுளுக்கு மூன்று கணக்கு

களியக்காவிளை தாண்டி, நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் திருவனந்தபுரம். எங்கள் ஊர்ப்பக்கம் இதயக் கோளாறு என்றால் பலரும் பஸ் ஏறுவது அந்தத் திசையில்தான். குலசேகரத்தில் 40 வருடம் ரப்பர் பால் வெட்டிய என் பெரியப்பாவுக்கும் அங்கேதான் சிஆர்டி என்ற கருவியை வைத்தார்கள். இடது காறையெலும்புக்குக் கீழே ஒரு பெட்டி, இதயத்துக்குள் மூன்று வயர். பிந்தித் துடிக்கும் இடது கீழறையை வலதோடு சேர்த்துத் துடிக்க வைக்கும் வேலை அது.

"மக்கா, இத வச்சா எத்தன வருசம் இருப்பேன்னு கேளு" என்றார். 2005இல் வந்த கேர்-ஹெச்எஃப் என்ற இதயச் செயலிழப்பு (இதயம் போதிய அளவு பம்ப் செய்யாத நிலை) ஆய்வில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 30% பேர் இறந்தார்கள். கருவியும் வைத்தவர்களில் 20%. அது 813 பேரின் கணக்கு. பெரியப்பா கேட்டது ஒருத்தர் கணக்கு.

அதற்கென்றே சில ஸ்கோர்கள் இருக்கின்றன. கைவிரலில் எண்ணிவிடலாம் என்றால் இயார்ன்: பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளித்தள்ளும் ரத்தப் பங்கு) 22%க்குக் கீழா, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைத் துடிப்பு தாறுமாறாவது) உண்டா, வயது 70 ஆகிவிட்டதா, சிறுநீரகம் தளர்ந்ததா, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா. அவருக்கு வயதும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சேர்ந்து ஐந்துக்கு இரண்டு. குறை என்னவென்றால், 70 வயதுக்காரரும் 88 வயதுக்காரரும் இதற்கு ஒன்றுதான்.

2006இல் வந்த சியாட்டில் மாடல் எல்லா இதயச் செயலிழப்புக்காரர்களுக்குமானது. யூரிக் ஆசிட், சோடியம், ஹீமோகுளோபின், உடல் எடைக்கு எத்தனை மில்லிகிராம் நீர் மாத்திரை என்பது வரை கேட்கும். எங்கள் ஃபைலில் யூரிக் ஆசிட் ரிப்போர்ட்டே இல்லை. ஆனாலும் எனக்கு இதைப் பிடிக்கும். ஒரு மருந்தையோ கருவியையோ சேர்த்தால் கணக்கு எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கலாம். இன்றைய புது மாத்திரைகள் வருவதற்கு முந்தைய கணக்கு என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, புடாபெஸ்டில் 1510 சிஆர்டி நோயாளிகளை வைத்துக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்து 2020இல் வெளியிட்ட செம்மல்வைஸ் ஸ்கோர். 33 விவரம் கேட்கும். சில இல்லாவிட்டாலும் சமாளிக்கும். நாணயம் சுண்டினால் 0.5, தப்பே செய்யாவிட்டால் 1 என்ற அளவில், ஐந்து வருடக் கணிப்பில் இதற்கு 0.80. மூன்றில் துல்லியம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஏன் அப்படிச் சொல்கிறது என்று கேட்டால்தான் பதில் லேசில் வராது.

துல்லியமாகவே இருக்கட்டும், யாரை வைத்துக் கற்றது? புடாபெஸ்ட்காரர்களை, நம் ஊர்க்காரர்களை அல்ல. 2013இல் திருவனந்தபுரம் பதிவேட்டில் சேர்ந்த 1205 இதயச் செயலிழப்பு நோயாளிகளின் சராசரி வயதே 61தான். மூன்று வருடத்தில் 45% அளவுக்குப் போய்விட்டார்கள். வீடு திரும்பும்போது தேவையான மருந்தெல்லாம் சீட்டில் எழுதப்பட்டது கால்வாசிப் பேருக்குத்தான். மரச்சீனிக்குக் கருவாடு தொட்டுக்கொள்ளும் ஊர் இது. சாப்பாட்டு உப்புக்கு இந்த ஸ்கோர்கள் எதிலும் கட்டம் கிடையாது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. இயார்னும் செம்மல்வைஸும் சொல்வது ஆபத்து எவ்வளவு என்று. கருவியால் பலன் எவ்வளவு என்று அல்ல. ஐந்துக்கு நான்கு வந்துவிட்டது, இனி வைத்து என்ன பயன் என்று ஒரு வீட்டில் பின்வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். பலனைப் பற்றி அதிகம் பேசுவது ஈசிஜி தாள்தான். சின்னக் கட்டம் ஒன்று 40 மில்லி செகண்ட். பெரியப்பாவின் க்யூஆர்எஸ் (கீழறைகள் துடிப்பதைக் காட்டும் அலை) நான்கு கட்டம் அகலம், அதாவது 160, வடிவமும் எல்பிபிபி (இடப்பக்க மின்பாதை அடைபட்டது). 150க்கு மேல் இந்த வடிவம் இருந்தால்தான் சிஆர்டி நன்றாக எடுபடும். பெண்களுக்கு இதைவிடக் குறைந்த அகலத்திலேயே எடுபடுவதுண்டு. எதை நம்புவாய் என்றால், வைக்கலாமா என்பதற்கு இந்தத் தாளை, என்ன எதிர்பார்க்கலாம் என்பதற்குச் செம்மல்வைஸை.

வைத்தபிறகு இரண்டுமே பழசாகிவிடும். முதல் செக்கப்பில் கருவியைப் படித்துப் பார்த்தபோது இரண்டு கீழறைகளையும் சேர்த்துத் துடிக்கவைத்தது 91% துடிப்புகளை மட்டும். 98க்கு மேல் வேண்டும். இடையிடையே வந்த கூடுதல் துடிப்புகள் மீதியைத் தின்றிருந்தன. மாத்திரையை மாற்றினார்கள், அடுத்த முறை 97.

"அப்போ பாஸா?" என்றார் பெரியப்பா. டாக்டர் சிரித்துக்கொண்டே ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். வீட்டில் கருவாட்டுப் பானையை இப்போது பெரியம்மா பரண்மேல் ஏற்றிவிட்டார்.