பழைய டீசல் பிக்கப்: ஏற்றத்தில் மட்டும் அடங்கிப்போன இன்ஜின்

2006 மாடல். டர்போ இல்லாத 2.5 லிட்டர் டீசல், இன்ஜினுக்கு டீசல் அனுப்புவது மெக்கானிக்கல் பம்ப். கம்பெனி பெயர் வேண்டாம்; இந்த வயதில் எந்தக் கம்பெனி டீசல் வண்டிக்கும் வரக்கூடிய நோய்தான் இது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு உரமூட்டை, ஹாலோ பிளாக் ஏற்றிப் போவேன். இறங்கும்போது கேரட், பீன்ஸ், சீசன் என்றால் மலைப்பூண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் உழைத்தது. அப்புறம் ஆரம்பித்தது.

சமவெளியில் ஒரு குறையும் தெரியாது. காட் ரோடு செக்போஸ்ட் தாண்டி ஏற ஆரம்பித்து டம்டம் பாறை வரைக்கும்கூட ஒழுங்காகப் போகும். அதற்கு மேல் ஊத்து என்ற ஊர் நெருங்க நெருங்க இழுவை குறையும். செகண்ட் கியரில் ஏறிய வளைவுக்கு ஃபர்ஸ்ட் போட வேண்டியிருக்கும். ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் பதில் வராது. இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு ஆஃப் ஆகிவிடும். பின்சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்துவிட்டு ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா விட்டால், ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிக் கொஞ்ச தூரம் நன்றாக ஏறும். பிறகு மறுபடி அதே கதை. இது போதாதென்று காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கும் மக்கர். செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கிப்போகும்.

டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டும் முதல் வாரத்திலேயே மாற்றியாகிவிட்டது. அடுத்து ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் பக்கத்து ரப்பர் ஹோஸ்களை மாற்றினார்கள். பம்ப்பில் டீசலை நிறுத்தும் கரண்ட் வால்வான சோலனாய்டுக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்து ஓட்டிப் பார்த்தோம். கரண்ட் விட்டுப்போய் ஆஃப் ஆகிறதோ என்ற சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. கடைசியில் பம்ப்பையும், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களையும் கழற்றி சர்வீசுக்குக் கொடுத்தார்கள். பதினெட்டாயிரம் ரூபாய்க்கு மேல் பில். அந்த வேலையை வீண் என்று சொல்லமாட்டேன். ஐடிலிங் தடதடப்பு குறைந்தது, எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும்போது புகை டெஸ்ட்டும் சுலபமாக முடிந்தது. ஆனால் ஊத்துக்குப் பக்கத்தில் வண்டி நிற்பது மட்டும் நிற்கவில்லை.

"மலை மேல காத்து கம்மி தம்பி, டர்போ இல்லாத வண்டி அப்படித்தான் இருக்கும்" என்றார் ஒருவர். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். காற்று குறைவு என்பது நிஜம்தான். ஆனால் டீசல் இன்ஜினுக்குக் காற்று போதவில்லை என்றால் சைலன்சர் கரும்புகையைக் கக்கும், ஏனென்றால் டீசல் வந்துகொண்டே இருக்கிறது, எரியத்தான் காற்று இல்லை. ஆயில் எரிந்தால் நீலப்புகை. டீசல் எரியாமலே வெளியேறினால் வெள்ளைப்புகை. என் வண்டி அடங்கும்போது சைலன்சரில் புகையே இருக்காது. இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் இன்ஜினுக்குள் டீசலே போகவில்லை என்று அர்த்தம். கம்ப்ரஷன் போய்விட்டது, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்கு என்று யாராவது சொன்னால் முதலில் இந்தப் புகையைப் பாருங்கள். கம்ப்ரஷன் போன இன்ஜின் டீ குடிக்கிற நேரத்தில் குணமாகாது.

பெரியகுளம் பக்கம் பழைய லாரிகளோடே வயசாகிவிட்ட ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அவர் பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்: "நின்ன உடனே ஹேண்ட் பம்ப்ப அமுக்கிப் பாத்தியா?" ஃபில்டர் தலையில், கையால் அமுக்கி டீசல் ஏற்றுகிற பட்டனைத்தான் சொன்னார். பார்த்திருந்தேன். அமுக்கினால் உள்ளே போகும், ஆனால் சட்டென்று மேலே எழும்பாது. யாரோ உள்ளிருந்து பிடித்து வைத்திருக்கிற மாதிரி மெதுவாக, அரை மனதோடு வரும். "அப்போ ஃபில்டருக்கு முன்னாடி, டேங்க் பக்கம் அடைப்பு இருக்குடா. பம்ப்ப ஏன் கழட்டினாங்க?" என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

அவர் செய்த சோதனையைத்தான் இதைப் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பத்து லிட்டர் கேன் ஒன்றில் சுத்தமான டீசல். அதை கேபினுக்குப் பின்னால், பாடியின் முன்மூலையில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, கேனிலிருந்து உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனையும் மறக்காமல் கேனுக்கே திருப்பினார். இல்லாவிட்டால் கேன் டீசலெல்லாம் டேங்குக்குப் போய்விடும். டியூப் சைலன்சர் பக்கம் போகாமல் ஓரமாகக் கட்டி, லைனில் நின்ற காற்றை வெளியேற்றிவிட்டு, முழு லோடோடு கிளம்பினோம். டம்டம் பாறை போனது, ஊத்து போனது. பெருமாள்மலை வரைக்கும் செகண்ட் கியரிலேயே ஏறியது. டியூபில் ஒரு குமிழி இல்லை.

ஆக, ஃபில்டரிலிருந்து நாசில் வரைக்கும் எல்லாம் நலம். மிச்சம் இருப்பது டேங்கும் அதிலிருந்து வரும் லைனும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே அறிகுறி வரும். மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டி அதையும் முன்பே பார்த்திருந்தோம். இனி டேங்கை இறக்குவது தவிர வழியில்லை. இந்த வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. பட்டை துருப்பிடித்திருக்கும், போல்ட் சுற்றாது, டீசல் மேலே கொட்டும்.

இறக்கியதும் கதை முழுசாகத் தெரிந்தது. உறிஞ்சும் பைப்பின் அடியில் இருக்கும் சல்லடை முழுக்கக் கருப்பாக, விரலில் எடுத்தால் நூல் மாதிரி நீளும் வழவழப்பு. டேங்கில் நின்ற தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து உண்டாகும் பாசி அது. அதோடு ஆயில் கேன் மூடியின் அலுமினியத் தாள் துண்டு ஒன்று. லோடு இழுக்கும்போது பம்ப் அதிக டீசலை உறிஞ்சும், இவையெல்லாம் போய்ச் சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் நின்று, மெல்லக் கீழே உதிரும். அதனால்தான் டீ நேரத்தில் குணம்.

காலை மக்கருக்குக் காரணம் டேங்கின் தலையில் இருந்தது: கிளிப்புக்கு அடியில் ஹோஸ் நூலிழைபோல் வெடித்திருந்தது. டேங்கை இறக்காமல் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. டீசல் சொட்டியிருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் இந்த வண்டி டேங்கில் மோட்டார் கிடையாது, பம்ப்தான் அங்கிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சும் பக்கத்து வெடிப்பில் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ராத்திரியில் அந்த வழியாகக் காற்று ஏறி, லைனில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். சல்லடை அடைக்க அடைக்க உறிஞ்சல் கூடி, வெடிப்பு வழியாகக் காற்றும் அதிகமாக நுழையும். ஒன்றை மட்டும் சரிசெய்திருந்தால் இன்னொன்று பாதி அறிகுறியை வைத்துக்கொண்டு, செய்த வேலையின் மேலேயே சந்தேகம் வர வைத்திருக்கும்.

டேங்கைக் கழுவிக் காயவைத்து, சல்லடையைச் சுத்தம் செய்து, டேங்கிலிருந்து ஃபில்டர் வரை டீசலுக்கென்றே வரும் ஹோஸாக மாற்றி, ஃபில்டர் தலையின் செம்பு வாஷர்களையும் புதிதாகப் போட்டார். கூலியோடு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

இது நடந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. மலையில் ஒருமுறைகூட நிற்கவில்லை. காலையில் அரை செல்ஃபில் பிடித்துக்கொள்கிறது, டிசம்பர் குளிரில் மேலே தங்கிய நாட்களிலும். லோடோடு மைலேஜ் 11-ஐ ஒட்டி வருகிறது, முன்பும் அவ்வளவுதான். பழக்கம் சிலதை மாற்றிக்கொண்டேன். கொடைக்கானலில் ராத்திரி தங்கினால் டேங்கைக் காலியாக விடுவதில்லை, குளிரில் உள்ளே தண்ணீர் கோக்கும். ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் திறந்து மாதம் ஒருமுறை தண்ணீர் வடித்துவிடுகிறேன். மழைக்காலத்தில் கண்ணாடி டம்ளரில் பிடித்தால் அடியில் தண்ணீர் தனியாக நிற்பது தெரியும்.

இந்த மாதிரிப் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி வாங்கலாமா என்று கேட்டால், பக்கத்தில் பொறுமையான மெக்கானிக் ஒருவர் இருந்தால் வாங்கலாம் என்பேன். லேப்டாப் மாட்டி எரர் கோட் பார்க்கிற வசதி கிடையாது. புகை, சத்தம், ஹேண்ட் பம்ப்பின் இறுக்கம் இவற்றை வைத்துத்தான் நோயைப் பிடிக்க வேண்டும். இப்போதைக்கு இருக்கும் ஒரே குறை இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் கசிவு. அதற்கு கியர்பாக்ஸை இறக்கணும். அடுத்த கிளட்ச் பிளேட் மாற்றும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.