செம்பு வெட்ட கட்டர் வாங்கப் போகிறீர்களா? 46,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

நேற்று ராத்திரி, எனக்குக் கட்டர் விற்ற ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். வயிறு எரிகிறது. எந்த வேலைக்கு எந்தக் கருவி வாங்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கோவையில் சின்ன ஷெட் வைத்துப் பழைய செம்பு வாங்கி விற்கிறேன். மூடிய மில் ஒன்றின் பேனல் போர்டிலிருந்து 300 கிலோ பஸ்பார், அதாவது மின்சாரம் கடத்தும் கெட்டிச் செம்புப் பட்டை, வந்தது. 50க்கு 10 மி.மீ. பட்டை, மீட்டருக்கு நாலரை கிலோ. உருக்குகிறவர் ஒரு அடித் துண்டுகளாகக் கேட்டார். இருநூறு வெட்டுக்கு மேல் வரும். கேஸ் கட்டிங் இதற்கு ஆகாது. இரும்பு ஆக்சிஜனில் எரிந்து அறுபடும், செம்பு அப்படி எரியாது, சூட்டையும் பட்டை முழுக்க இழுத்துக்கொள்ளும். கிரைண்டர் டிஸ்க்கில் செம்பு அப்பிக்கொள்ளும். அப்புறம் டிஸ்க் வெட்டாது, வெறுமனே தேய்க்கும். சிக்கி உடைந்தால் முகத்துக்குத்தான் வரும்.

மெஷின் வியாபாரிகளைக் காட்டும் ஆன்லைன் தளம் ஒன்றில் பேட்டரி ஹைட்ராலிக் கட்டர் தேடினேன். அரை மணி நேரத்தில் விற்பவனே கூப்பிட்டான். பட்டையின் படமும் அளவும் அனுப்பினேன். "85 மி.மீ. வாய்ண்ணே, தாராளமா வெட்டும்" என்று ஒரு வீடியோ அனுப்பினான். விரல் கனத்துச் செம்பு, வாழைத்தண்டு மாதிரி நறுக்கென்று விழுந்தது. அதில்தான் நம்பிவிட்டேன். தளத்தை விட்டுத் தனக்கே நேரடியாகப் பணம் போட்டால் இரண்டாயிரம் குறையும் என்றான். 46,500 ரூபாயையும் ஒரே தடவையில் அனுப்பினேன்.

முதல் பட்டையிலேயே மோட்டார் முக்கியது. பாதி இறங்குவதற்குள் டக்கென்று ஒரு சத்தம். பிளேடு ஓரத்தில் நெல்மணி அளவுக்குப் பெயர்ந்துவிட்டது. அப்போதுதான் உற்றுப் பார்க்கிறேன், பிளேடு அரிவாள் போல வளைந்திருக்கிறது. அது கேபிள் கட்டர். மெல்லிய கம்பிகள் சேர்ந்த கேபிளைத்தான் நெருக்கி நறுக்கும். கெட்டிப் பட்டைக்கு நேர் பிளேடு வைத்த பஸ்பார் கட்டர் வேறு. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வெட்டிய முனையில் கம்பிகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. படத்தையும் அளவையும் பார்த்துவிட்டுத்தான் இதை எனக்கு அனுப்பியிருக்கிறான்.

அப்புறம் "அண்ணே" போய் "சார்" ஆனது. "ஆபரேட்டர் தப்பு சார்." "பிளேடுக்கு வாரண்டி இல்ல சார், புது செட் 9,500." தளத்துக்காரர்களைக் கேட்டால், நாங்கள் விளம்பரம் போடுவதோடு சரி, பணம் எங்கள் வழியாக வரவில்லை என்கிறார்கள். கடைசியாக அவன் சொன்னது: "ஜி.எஸ்.டி. நம்பர்ல வாங்கினவங்க நுகர்வோரே கிடையாது, எங்க வேணா போங்க." அதுவும் அப்படியில்லை. சுயதொழிலில் பிழைக்க வாங்கிய பொருளென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டிருக்கிறேன். 46,500 ரூபாய், இரண்டு மாத லாபம்.

இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. உங்கள் துண்டையே கொடுத்து, உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். "கெட்டி பஸ்பாருக்கு" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஆர்மர்டு கேபிளில் எஃகுக் கம்பி உண்டு, செம்பு கட்டரை அதில் வைக்காதீர்கள். பட்டைக்கு, பல் இடைவெளி அகலமான பிளேடு போட்ட பேண்ட்சா (வளையமாகச் சுற்றி ஓடும் ரம்பம்), கட்டிங் ஆயிலோடு. தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள். மீதியை அப்புறம் எழுதுகிறேன், பட்டையைப் பேண்ட்சா இருக்கிற பட்டறைக்கு ஏற்ற வண்டி வந்துவிட்டது.