நீராவியில் வெந்த மண்ணுக்கு நுண்ணுயிர்த் தூள்: ஒரு பருவ அனுபவம்

வேர்முடிச்சு நூற்புழுவை ஒழிப்பதற்காகப் பசுமைக்குடிலின் பாத்திகளுக்கு நீராவி கொடுத்த பிறகு, மண்ணுக்கு மறுபடியும் உயிரூட்ட டிரைக்கோடெர்மா என்ற பூசணம், பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா, வேருக்குள் வாழ்ந்து செடிக்கு உதவும் வேர் உட்பூசணம் (மைக்கோரைசா) ஆகிய மூன்றும் கலந்த தூள் ஒன்றை வாங்கித் தக்காளிக்கு ஒரு பருவம் முழுவதும் இட்டுப் பார்த்தேன். பயனுள்ள பொருள்தான், ஆனால் உறையில் அச்சிட்ட செய்முறையை அப்படியே பின்பற்றினால் பாதி வீணாகிவிடும்.

மண் ஆறியவுடன் தண்ணீரில் கரைத்து ஊற்றி, உடனே நடலாம் என்கிறது உறை. முதல் பாத்தியில் அவ்வாறே செய்தேன். சில நாட்களில் மண்ணின் மேல் ஆரஞ்சு நிறத்தில் பூசணம் படர்ந்தது. வெந்த மண்ணில் முதலில் குடியேறும் பைரோனீமா அது. பயிருக்குக் கெடுதல் செய்யாது. என்னைக் கவலைப்படுத்தியவை நாற்றுகள்தாம்: அடியிலைகளின் விளிம்பு கருகியது, பிடுங்கிப் பார்த்தால் வேர்நுனிகள் பழுப்பேறியிருந்தன. அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் வெப்பத்தில் மடிந்துவிடுகின்றன. அம்மோனியத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்களிலோ வெப்பம் தாங்கும் வித்துகளாக மாறக்கூடியவை தப்பிவிடுகின்றன. ஆகவே வெந்த மண்ணில் சில வாரங்களுக்கு அம்மோனியம் தேங்கி, இளம் வேர்களைக் கெடுக்கும். இந்தத் தூளில் அதை மாற்றக்கூடிய நுண்ணுயிர் எதுவும் இல்லை, காத்திருக்கச் சொல்லும் ஒரு வரிகூட உறையில் இல்லை என்பதே என் பெரிய குறை.

இரண்டாம் பாத்தியில் நன்கு மக்கிய கம்போஸ்டை மேல்மண்ணில் கலந்து, ஈரம் காயாமல் மூன்று வாரம் விட்டுவைத்தேன். தூளைப் பாத்தியில் ஊற்றாமல் குழித்தட்டில் விதைக்கும்போதே கலவையில் சேர்த்தேன், ஏனெனில் வேர் உட்பூசணம் உயிருள்ள வேரைத் தொட்டால்தான் வளரும். இருபதாம் நாள் ஒரு நாற்றை எடுத்துத் தட்டியபோது மண் உதிரவில்லை. வெள்ளைச் சல்லிவேர்கள் அதைக் கவ்விப் பிடித்திருந்தன. கம்போஸ்ட் மட்டும் இட்ட மூன்றாம் பாத்தியும் ஏறக்குறைய இதே அளவு செழித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நாற்றழுகல் மட்டும் தூள் சேர்த்த தட்டுகளில் தெளிவாகக் குறைந்திருந்தது.

‘எல்லாக் காய்கறிகளுக்கும்’ என்ற உறை வாசகத்தையும் நம்ப வேண்டாம். முட்டைக்கோஸ், முள்ளங்கி, பீட்ரூட் வேர்களில் உட்பூசணம் குடியேறுவதில்லை. மறுபடி வாங்குவேன், ஆனால் சிறிய பொட்டலமாக, குழித்தட்டுக்கு மட்டும். நீராவியையும் இனிக் கொதிநிலைக்குக் கொண்டுபோகாமல், காற்றுக் கலந்து 70 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரத்தோடு நிறுத்தப் போகிறேன். நூற்புழு அதிலேயே மடியும், நல்லவற்றில் கொஞ்சம் எஞ்சும்.