சார்ஜிங் ஸ்டேஷன் வைத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

உளுந்தூர்பேட்டைப் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதில் மின்சார கார்களுக்கு சார்ஜிங் ஸ்டேஷன் அமைத்துத் தருவதாகச் சொல்லி, ஒரு ஏஜென்சி என்னிடம் 1,85,000 ரூபாயைப் பறித்துவிட்டது. போன வாரம்தான் முழுதாகத் தெரிந்தது. ஆத்திரம் அடங்கவில்லை.

"பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் மானியம் வருது சார், ஹைவே இடத்துக்கு முன்னுரிமை" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள். மின்சார வாகனங்களுக்கான அந்தத் திட்டம் நிஜம். 2024-இல் மத்திய அரசு கொண்டுவந்தது. பொது சார்ஜிங் வசதிக்கு மட்டும் அதில் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நிஜமான திட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் இந்த ஆட்கள் வீட்டுக்குள் வருகிறார்கள்.

ஒருவர் நேரிலேயே வந்தார். ரோட்டிலிருந்து வேலி வரை டேப் பிடித்து அளந்தார். இரண்டு கார் நிற்கும் அளவுக்குச் சுண்ணாம்பில் கோடு போட்டார். டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டார். "30 கிலோவாட் சிசிஎஸ்-2 சார்ஜர் ஒண்ணு போதும்ணே, இந்த ரோட்டுல கார் வரிசைகட்டி நிக்கும்" என்றார். சிசிஎஸ்-2 என்பது கார்களை வேகமாக சார்ஜ் செய்யும் ஒரு பிளக் வகை. அப்பா அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அப்புறம் சிங்கமுத்திரை போட்ட ஒப்புதல் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. பதிவுக் கட்டணம் 15,000, லைசென்ஸ் கட்டணம் 50,000, மின்வாரிய டெபாசிட் என்று 1,20,000. எல்லாவற்றையும் அவர்கள் சொன்ன கணக்குக்கே அனுப்பினேன்.

பணம் போனதும் பேச்சு மாறிவிட்டது. ஃபைல் டெல்லியில் இருக்கிறது, மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார், லோடு சாங்ஷன் (மின்சுமை அனுமதி) ஆகவில்லை, அடுத்த வாரம் கூப்பிடுங்கள். "பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்றதும், "பிராசஸிங் ஆயிடுச்சு சார், ரீஃபண்ட் கிடையாது" என்று ஒரு பெண் போனை வைத்துவிட்டார். இளநீர் குடித்துவிட்டுப் போனவர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

மின்வாரிய அலுவலகத்தில் போய்க் கேட்டேன். என் பெயரில் விண்ணப்பமே போகவில்லை. ஒரு ரூபாய் டெபாசிட் கட்டவில்லை. 1,85,000 ரூபாயும் அப்படியே அவர்கள் பையில்.

லைசென்ஸ் கட்டணம் என்பதே முழுப் பொய். பொது சார்ஜிங் நிலையம் நடத்த மின்சாரச் சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. மின்சார வாகனங்களுக்கான முந்தைய மத்திய அரசுத் திட்டமான ஃபேம்-2-இல், 2023-இல் 7,432 சார்ஜிங் நிலையங்களுக்கு 800 கோடி ரூபாய் ஒதுக்கியபோதும், அது இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் என்ற மூன்று பொதுத்துறை நிறுவனங்களுக்குத்தான் போனது, என்னைப் போன்ற தனி ஆட்களுக்கு அல்ல.

எங்கள் பக்கத்து நிலத்துக்காரரும் சார்ஜர் வைக்கும் யோசனையில் இருந்தார். இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே கையெடுத்துக் கும்பிடுகிறார். கார்காரர்கள் சார்ஜுக்கு அலைகிற ரோடு இது. இங்கே நியாயமாக வரவேண்டிய வசதியையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, அவசரமாகச் சில விஷயங்கள். மின்வாரிய டெபாசிட்டை உங்கள் பெயரில், வாரியத்துக்கே நேரடியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் அரசுக் கடிதத்தை நம்பாதீர்கள். லைசென்ஸ் என்று யார் பணம் கேட்டாலும் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் இன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தக் கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. நானும் புகார் கொடுத்திருக்கிறேன், 1,85,000 ரூபாயில் இதுவரை ஒரு பைசா திரும்பவில்லை.