‘தி வே ஆஃப் தி வேர்ல்ட்’ நோட்ஸோட வந்த எடிஷன்: நாலாவது அங்கத்துக்காகவே வாங்கலாம்

வாங்கி ஒரு மாசம் ஆச்சு, முழுசா ரெண்டு தடவை படிச்சாச்சு, நாலாவது அங்கத்தை மட்டும் எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கே இல்ல. வில்லியம் காங்கிரீவ் 1700-ல லண்டன்ல மேடையேத்தின காமெடி நாடகம் இது, அதை வரிக்கு வரி விளக்கத்தோட போட்ட பேப்பர்பேக். கதையைத் தொடாம இந்தப் புக்கைப் பத்தி எழுத முடியாது, அதனால நாடகத்தை ஃப்ரெஷ்ஷா படிக்கணும்னு நெனைக்கறவங்க புக்கை முடிச்சுட்டு வாங்க. அதே காரணத்துக்காக முன்னுரையையும் கடைசியா படிங்க, அஞ்சாவது அங்கத்துல வர்ற கறுப்புப் பெட்டி ரகசியத்தை மூணாவது பக்கத்துலயே போட்டு உடைச்சுட்டாங்க.

இந்த எடிஷன்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆரம்பத்துல இருக்கற உறவுமுறைப் படம். இந்த நாடகத்துல யார் யாருக்கு என்ன வேணும்னு புரியறதுக்குள்ள தலை சுத்திடும். கதாநாயகி மில்லமண்ட்டோட அத்தை லேடி விஷ்ஃபோர்ட், அவங்க பொண்ணு மிஸஸ் ஃபெய்னால், அந்தப் பொண்ணோட புருஷன் மாமியார் சொத்து மேல கண்ணு வெச்சிருக்கான், மில்லமண்ட் பணத்துல பாதி 6000 பவுண்டு அத்தை சம்மதிச்சாத்தான் கைக்கு வரும், அவளைக் காதலிக்கற மிராபெல்லுக்கோ மிஸஸ் ஃபெய்னாலோட ஒரு பழைய தொடர்பு. இதெல்லாம் ஒரே பக்கத்துல கோடு போட்டு காட்டியிருக்காங்க, நான் அங்கயே ஒரு புக்மார்க் வெச்சுட்டேன்.

இப்போ நாலாவது அங்கம். மில்லமண்ட்டும் மிராபெல்லும் கல்யாணத்துக்கு முன்னாடி உக்காந்து கண்டிஷன் பேசறாங்க. காலைல எனக்கு இஷ்டப்பட்ட வரைக்கும் தூங்குவேன், ‘என் கண்ணே, என் செல்லமே’ன்னு கூப்பிடக் கூடாது, யாருக்கு லெட்டர் எழுதறேன் யார்கிட்ட இருந்து வருதுன்னு கேக்கக் கூடாது, மூடு சரியில்லன்னா என் ரூம்லயே சாப்பிட்டுக்குவேன் காரணம் சொல்ல மாட்டேன், கதவைத் தட்டாம உள்ள வரக் கூடாதுன்னு அவ அடுக்கிக்கிட்டே போறா. 1700-ல ஒரு பொண்ணு மேடைல நின்னு இப்படிப் பேசியிருக்கான்னு நெனைச்சாலே சிலிர்க்குது, இங்கிலாந்துல பொண்ணுங்க தொழில்முறையா மேடை ஏறவே 1660-க்கு அப்புறம்தான் ஆரம்பிச்சாங்க. அந்த வேஷத்தை முதல்ல போட்ட ஆன் பிரேஸ்கர்டில் பத்தி நல்ல ஒரு நோட் இருக்கு.

இதெல்லாம் ஒத்துக்கிட்டா நான் கொஞ்சம் கொஞ்சமா ‘தேஞ்சு’ பொண்டாட்டி ஆகலாம்னு முடிக்கறா. ‘dwindle’ங்கற அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு நோட்ஸ்ல ‘குறைதல்’னு சப்புன்னு போட்டிருக்காங்க. கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆச்சுன்னு சொல்றோமே, அந்தத் தேயறதுதான் அது, கல்யாணம்னா தன்னோட அளவு சின்னதாகும்னு அவளுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

அப்புறம் மிராபெல் தன்னோட கண்டிஷனை சொல்றான். டீ, காப்பி, சாக்லேட் குடிக்கலாம், பிராந்தி மாதிரி சமாச்சாரம் கூடாது, ராத்திரி முகத்துக்கு மாஸ்க் போடக் கூடாது, கர்ப்பமா இருக்கறப்ப இடுப்பை இறுக்கிக் கட்டி என் பையன் தலையை சர்க்கரைக் கூம்பு மாதிரி ஆக்கிடக் கூடாதுன்னு. இந்த சீனை நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பார்ட்டா சத்தம் போட்டு படிச்சோம், அந்த வரில அவரே நிறுத்திட்டு “ஏம்மா, பையன்னு எப்படி முடிவு பண்ணினான்?”னு கேட்டார். நான் தனியா படிச்சப்போ அதை கவனிக்கவே இல்ல. அவ கேட்டதெல்லாம் தூக்கம், லெட்டர், கதவு, அவன் கேக்கறது அவ முகம், அவ இடுப்பு, அவ வயித்துல இன்னும் வராத புள்ள. ரெண்டு பேரும் சரிசமமா பேசிக்கற காதல் சீன்னு முன்னுரைல எழுதியிருக்கறதை என்னால ஒத்துக்க முடியல.

ஏன்னா அவ கேட்ட எதுவும் பத்திரத்துல ஏறல, எல்லாம் வாய்ப்பேச்சு. அப்போ இங்கிலாந்துல கல்யாணம் ஆனா பொண்ணோட பணமும் பொருளும் புருஷனுக்குப் போயிடும், நிலபுலன் அவன் கைக்கு வந்துடும், சட்டப்படி புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ஆள், அந்த ஆள் புருஷன்தான், இது மாற 1870-லயும் 1882-லயும் வந்த சட்டங்கள் தேவைப்பட்டுச்சு. இதை விளக்கற நோட் பிரமாதம், அரைப் பக்கத்துல தெளிவா சொல்லியிருக்காங்க. அதைப் படிச்சுட்டு, மிராபெல் வெளிய போனதும் மில்லமண்ட் சொல்றதைப் பாருங்க, இவன் நல்ல புருஷனா இல்லாட்டி நான் தொலைஞ்சேன், அவ்வளவு ஆசை வெச்சிருக்கேன்ங்கறா. அவனைக் கட்டிக்கோன்னு அவளுக்கு தைரியம் சொன்னதே கல்யாணத்துல மாட்டி முழிக்கற மிஸஸ் ஃபெய்னால்தான்.

கடைசில காப்பாத்தறதும் ஒரு பத்திரம்தான், காதல் இல்ல. மிஸஸ் ஃபெய்னால் விதவையா இருந்தப்பவே, ரெண்டாம் கல்யாணத்துக்கு முன்னாடி, தன் சொத்தை முழுசா மிராபெல் பேர்ல டிரஸ்டா எழுதி வெச்சிருக்கா. அந்தத் தோல் பத்திரம் கறுப்புப் பெட்டில இருந்து வெளிய வந்ததும் சொத்தைப் பிடுங்க வந்த புருஷன் வெறி பிடிச்சு அவ மேலயே பாயறான். புருஷன்கிட்ட இருந்து தப்பிக்கவும் இன்னொரு ஆம்பள பேர்லதான் எழுத வேண்டியிருந்துச்சு.

குறைன்னா, விளக்கமெல்லாம் பக்கத்துக்குக் கீழ இல்லாம புக்கோட கடைசில இருக்கு, ஒரு விரலை முன்னாடியும் ஒரு விரலைப் பின்னாடியும் வெச்சுக்கிட்டேதான் படிக்கணும், அதுவும் எழுத்து ரொம்பப் பொடிசு. ரெண்டு வாரத்துலயே அட்டை ஓரம் பிரிஞ்சுது. அதையெல்லாம் பொறுத்துக்கலாம். பொறுக்க முடியாதது முடிவுல இருக்கு. மிராபெல் அந்தப் பத்திரத்தை மிஸஸ் ஃபெய்னால் கையில திருப்பிக் குடுத்து, இதை வெச்சு நீயும் உன் புருஷனும் சுமுகமா வாழ வழி பண்ணிக்கலாம்னு சொல்றான். அதாவது அவ அந்த ஆளோடதான் இனியும் வாழணும். நாடகம் வந்த அதே 1700-ல நார்ஃபோக் பிரபு பார்லிமென்ட்ல தனிச் சட்டம் போட்டு பொண்டாட்டியை விவாகரத்து பண்ணினார், அவர் பெரிய பிரபு, அதுவும் ஆம்பள. டீக்கும் சாக்லேட்டுக்கும் கூட நோட் போட்டவங்க இந்த இடத்துல ஒரு வரி கூட போடல. இங்கிலாந்துல சாதாரண ஆளுங்க கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து கேக்க வழி வந்தது 1857-ல, அப்பவும் புருஷனுக்குப் பொண்டாட்டி துரோகம் பண்ணினான்னு காட்டினா போதும், பொண்டாட்டி அதோட கொடுமை மாதிரி இன்னொண்ணையும் நிரூபிக்கணும். என் புக்குல அந்தப் பக்கத்து ஓரத்துல பென்சில்ல 1857-ன்னு நானே எழுதி வெச்சிருக்கேன்.